குறையும் ஆயில் எங்கே போகிறது? பனி சமன்செய்யும் டீசல் இயந்திரங்களில் ஒரு துப்பறிதல்

பனிச்சறுக்குத் தளத்தை விட்டுக் கடைசி ஆளும் இறங்கிப் போன பிறகுதான் இந்த வண்டிகளுக்குப் பொழுது விடிகிறது. பகல் முழுக்கக் கிளறப்பட்டு மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் சரிவை மறுநாள் காலைக்குள் சீராக்கித் தந்தாக வேண்டும். முன்னால் பனியைத் தள்ளும் அகன்ற பிளேடு, பின்னால் பனியைப் பொடித்து வரிவரியாகப் படியவைக்கும் டில்லர், இரு பக்கமும் உலோகக் குறுக்குச் சட்டங்கள் பூட்டிய ரப்பர் பட்டைத் தடங்கள். தொழிலில் இருப்பவர்கள் இதை ஸ்னோ குரூமர் என்கிறார்கள். இன்று ஜெர்மனியின் லௌப்ஹைமில் இருந்து வரும் கேஸ்போரர் நிறுவனத்தின், 1969-இல் பிறந்த 'பிஸ்டன்புல்லி'யும், இத்தாலியின் தெற்கு டைரோலைச் சேர்ந்த பிரினோத் நிறுவனத்தின் 'லைட்வோல்ஃப்'பும் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். பிஸ்டன்புல்லியில் வரும் 'பிஸ்டன்' எஞ்சினுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் அல்ல. ஜெர்மன் மொழியில் சறுக்குத்தளங்களைக் குறிக்கும் சொல். ஆயில் குடிக்கும் எஞ்சினைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தப் பெயர் கொஞ்சம் சிரிப்பு மூட்டத்தான் செய்கிறது.

பெரிய குரூமர்களில் இருப்பது கனரக லாரிகளிலும் மண் வாரும் இயந்திரங்களிலும் காணப்படும் வகையைச் சேர்ந்த டீசல் எஞ்சின்தான். ஆறு சிலிண்டர், 13 லிட்டரை ஒட்டிய கொள்ளளவு, 400 குதிரைத்திறனும் அதற்கு மேலும். ஆனால் லாரி எஞ்சின் வாழும் வாழ்க்கை வேறு, இது வாழும் வாழ்க்கை வேறு. இங்கே எஞ்சின் சக்கரத்தை நேராகச் சுழற்றுவதில்லை. ஹைட்ராலிக் பம்புகளைச் சுழற்றுகிறது. அந்தப் பம்புகள் தரும் அழுத்தம்தான் தடங்களையும் டில்லரையும் பிளேடையும் இயக்குகிறது. மேலே ஏறும்போது பல நிமிடங்கள் தொடர்ந்து முழுச் சுமை. இறங்கும்போது அநேகமாகச் சுமையே இல்லை. இடையில் ஓட்டுநர் ஓய்வெடுக்கும்போது, கேபின் சூடாக இருக்கட்டும் என்று, வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். இத்தனையும் உறைகுளிரில், மூக்கை மேலேயோ கீழேயோ தூக்கிய நிலையில், கடல் மட்டத்தைவிடக் காற்று மெலிந்த உயரத்தில். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான்.

இப்படிப்பட்ட எஞ்சின் ஒன்று அளவுக்கு மீறி ஆயில் குடிக்கிறது என்று புகார் வந்ததும் பணிமனையில் எழும் முதல் குரல் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரிங் போயிருக்கும், எஞ்சினை இறக்கிவிடலாம்." ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்கும் உலோக வளையம். அது போயிருக்கவும் கூடும். ஆனால் சந்தேகப் பட்டியலில் அதைக் கடைசியில் வைப்பதே முறை என்பேன். குரூமரில் எஞ்சினை வெளியே எடுப்பது சின்ன வேலை அல்ல. பருவத்தின் நடுவில் எடுத்தால் சரிவு சமன்செய்யப்படாமல் கிடக்கும். அதைவிட முக்கியமான காரணம், குளிரும் சரிவும் சேர்ந்து இந்த இயந்திரத்தில் உண்டாக்கும் பல கோளாறுகள் ரிங் தேய்மானத்தைப் போலவே வேடம் போடுகின்றன. ரிங்கை மாற்றிய பிறகும் ஆயில் அதே வேகத்தில் குறையும் அவலம் அப்படித்தான் நேர்கிறது.

முதலில் கணக்கு

'நிறைய குடிக்கிறது' என்பது ஒரு மனநிலை. அதை எண்ணாக்காமல் ஒரு திருகையும் கழற்றக் கூடாது. குரூமர் ஓடிய தூரத்துக்குப் பொருளே இல்லை. ஓடிய மணிநேரம் பரவாயில்லை, ஆனால் வெறுமனே நின்று ஓடிய மணிநேரமும் செங்குத்துச் சரிவில் உழைத்த மணிநேரமும் ஒன்றாகாது. சரியான அளவுகோல், எரித்த டீசலோடு ஒப்பிடுவது. எஞ்சின் எவ்வளவு உழைத்தது என்பதற்கு அது எரித்த டீசலைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

கணக்குக்காக மணிக்கு 25 லிட்டர் டீசல், இரவுக்கு 10 மணிநேரம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவில் 250 லிட்டர். நல்ல நிலையில் உள்ள இன்றைய கனரக டீசல் எஞ்சின், எரிக்கும் டீசலில் 0.1 முதல் 0.2 சதவீதம் வரை ஆயிலைச் செலவழிப்பது இயல்பு. அதாவது இரவுக்குக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர். 0.5 சதவீதத்தைத் தொட்டால், ஒன்றேகால் லிட்டர், தேடத் தொடங்கலாம். ஒரு சதவீதம் என்றால் இரவுக்கு இரண்டரை லிட்டர். அப்போது ஏதோ ஒன்று நிச்சயமாகக் கெட்டிருக்கிறது. இறுதி வரம்பைத் தயாரிப்பாளரின் கையேடுதான் சொல்ல வேண்டும். ஆனால் "தினமும் அரை லிட்டர் ஊற்றுகிறேன்" என்று பதறும் ஓட்டுநரை அமைதிப்படுத்த இந்தக் கணக்கே போதும். காரில் அரை லிட்டர் குறைந்தால் பெரிய செய்தி. 250 லிட்டர் டீசலை எரித்த எஞ்சினில் அது செய்தியே அல்ல.

அடுத்த சிக்கல், ஆயில் மட்டத்தைக் காட்டும் அளவுக் கம்பியான டிப்ஸ்டிக் பொய் சொல்லும் என்பது. சமதளம் என்று நினைத்து நிறுத்திய இடம் 5 பாகை சாய்ந்திருந்தால் கூடப் போதும். ஆயில் தொட்டியின் நடுவிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி டிப்ஸ்டிக் இருக்குமானால், சாய்வின் திசையைப் பொறுத்து மட்டம் 26 மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ காட்டும். பனிமேட்டில் நிறுத்திய வண்டி 5 பாகை சாய்ந்திருப்பதைக் கண்ணால் உணர்வதே கடினம்.

வெப்பமும் அப்படியே. ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஆயில் சுமார் 0.07 சதவீதம் விரிகிறது. 35 லிட்டர் ஆயில் கொண்ட எஞ்சினை ஒரு நாள் வேலை முடித்த சூட்டில், 90 பாகையில், அளந்துவிட்டு மறுநாள் மாலை வெளியில் உறைந்து மைனஸ் 10 பாகையில் அளந்தால், நூறு பாகை வித்தியாசத்தில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் காணாமல் போயிருக்கும். எங்கும் கசியவில்லை, எதுவும் எரியவில்லை, சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். ஆயில் மேலிருந்து வடிந்து தொட்டிக்கு வர எடுக்கும் நேரம் வேறு. குளிரில் கெட்டிப்பட்ட ஆயில் வடிவதற்கு அவசரமே காட்டாது. ஆகவே அதே கொட்டகையில், அதே தளத்தில், அதே சூட்டில், எஞ்சினை நிறுத்தி அதே அளவு நேரம் காத்திருந்து அளக்க வேண்டும். ஊற்றும் ஆயிலை மில்லிலிட்டரில் குறித்து, பக்கத்திலேயே ஊற்றிய டீசலையும் எழுத வேண்டும். பத்து இரவுகளுக்கு இப்படி எழுதிய தாள் பெரிய கருவிகளைவிட அதிகம் சொல்லும்.

இந்தத் தாள் வெளிக்கொணரும் ஒரு வேடிக்கை உண்டு. சில எஞ்சின்களில் மேல் கோடு வரை நிரப்பியவுடன் முதல் இரண்டு இரவுகளில் மளமளவென்று குறையும். பிறகு கோடுகளின் நடுவில் ஓரிடத்தில் நின்றுவிடும். ஓட்டுநர் அந்த இடத்துக்கு வந்ததும் பதறி மறுபடி மேல் கோடு வரை ஊற்றுவார், மறுபடி குறையும். செங்குத்தாக ஏறும்போது ஆயில் முழுவதும் தொட்டியின் பின்பக்கம் சேர்கிறது; அளவு அதிகமாக இருந்தால் பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டு அதில் முழுகி அடித்து நுரையாக்குகிறது; நுரை, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் காற்றுப் போக்கி வழியாக வெளியேறுகிறது. அதிகம் ஊற்றியதாலேயே குறைகிறது. மருந்து எளிது: மட்டத்தை அது விரும்பும் இடத்தில், குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே பாதுகாப்பாக, நிற்கவிட்டு அங்கிருந்து அளக்கத் தொடங்குவது. வேறு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்திய எஞ்சின் என்றால், டிப்ஸ்டிக்கும் அதன் குழாயும் இந்த வண்டிக்கு உரியவைதானா என்று ஒருமுறை பார்த்துவிடுவதும் நல்லது.

குறையாதது போலக் குறைவது

இதற்கு நேர்மாறான ஏமாற்று இன்னும் ஆபத்தானது. புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் துகள் வடிகட்டி பொருத்திய புதிய எஞ்சின்களில், சேர்ந்த கரியை எரிக்கும் நேரத்தில் சில வகைகள் சிலிண்டருக்குள் தாமதமாகக் கூடுதல் டீசலைப் பீய்ச்சுகின்றன. அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் கலந்துவிடும். கசியும் இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் முனை), பம்பின் தேய்ந்த சீல் ஆகியவையும் இதையே செய்யும். ஒரு பக்கம் ஆயில் எரிகிறது, மறுபக்கம் டீசல் சேர்கிறது, மட்டம் அசையாமல் நிற்கிறது. ஓட்டுநர் நிம்மதியாக இருக்கிறார். ஒரு நாள் கடும் சுமை. ஆயில் நன்றாகச் சூடேற, கலந்திருந்த டீசல் ஆவியாகிப் போக, மட்டம் ஒரே இரவில் தடாலென்று இறங்குகிறது. 'நேற்றுவரை நன்றாக இருந்த எஞ்சின் திடீரென்று குடிக்கத் தொடங்கிவிட்டது' என்ற கதையின் பின்னால் பல மாதக் குடி இருக்கலாம். மட்டம் ஏறினாலும், நீண்ட நாள் இம்மியும் அசையாவிட்டாலும், ஆயில் மாதிரியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி டீசல் கலப்பையும் பாகுத்தன்மையையும் பார்க்க வேண்டும்.

சோதனைக்கூட அறிக்கையைப் படிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 35 லிட்டர் கொள்ளும் எஞ்சினில் பத்து மணிநேரத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் ஊற்றினால், 250 மணிநேரத்தில் 50 லிட்டர் புதிய ஆயில் உள்ளே போயிருக்கும். தொட்டியின் கொள்ளளவையே தாண்டிய அளவு. இரும்பு, குரோமியம் போன்ற தேய்மான உலோகங்கள் அந்தப் புதிய ஆயிலில் கரைந்து, அறிக்கையில் குறைவாகவே தெரியும். எஞ்சின் எவ்வளவு மோசமாகக் குடிக்கிறதோ அவ்வளவு ஆரோக்கியமாக அறிக்கை காட்டும். ஊற்றிய அளவைச் சோதனைக்கூடத்துக்குச் சொல்லாமல் அனுப்பிய மாதிரியால் பாதிப் பயன்தான்.

வெளியே, அல்லது பக்கத்து வீட்டுக்கு

கணக்கு உறுதியானதும், ஆயில் வெளியே சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். லாரியில் இது எளிது. நிறுத்திய இடத்தில் தரையைப் பார்த்தால் தெரியும். குரூமரின் வயிற்றை மூடிய தகடு ஒன்று இருக்கிறது, பனி உள்ளே புகாமலும் கசிவு பனியில் விழாமலும் காப்பதற்கு. கசியும் ஆயிலை அந்தத் தகடு அப்படியே தாங்கிக்கொள்கிறது. அதில் உருகிய பனிநீர், பழைய ஹைட்ராலிக் எண்ணெய், ஒலித்தடுப்புப் பஞ்சு எல்லாம் கலந்து ஒரு சேறு தேங்கியிருக்கும். எது எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. தகட்டைக் கழற்றி, எஞ்சினை நீராவியில் நன்றாகக் கழுவி, ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து, ஓர் இரவு ஓட்டி, மறுநாள் புற ஊதா விளக்கில் பார்ப்பதே சுருக்கமான வழி. கிராங்க் தண்டின் பின்பக்க சீலை மறக்கக் கூடாது. அங்கே கசிந்தால், எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலின் உறைக்குள் இறங்கும், வெளியே தெரியாது. உறையின் அடியில் உள்ள சிறு துளையைப் பனிக்கட்டி அடைத்திருந்தால் உள்ளேயே தேங்கிக் கிடக்கும்.

எஞ்சினுக்குப் பின்னால் பம்புகளைச் சுழற்றும் கியர் பெட்டி இருக்கிறது. அதற்குத் தனி எண்ணெய். ஹைட்ராலிக் அமைப்புக்கும் தனித் தொட்டி. இவற்றில் ஏதாவது ஒன்றின் மட்டம் காரணமின்றி ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் பலர் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடுவதில்லை. ஆயில் குளிர்விப்பானில் விரிசல் விட்டால் கதை இன்னொரு திசையில் போகும்: எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் குளிர்விக்கும் நீரின் அழுத்தத்தைவிட அதிகம்; ஆகவே ஆயில்தான் நீருக்குள் புகும். நீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தால் வெளிர்பழுப்புப் பசை மிதக்கும். எஞ்சினை நிறுத்திய பிறகு அழுத்தம் தலைகீழாகி நீர் ஆயிலுக்குள் வரத் தொடங்கினால் பேரிங்குகளுக்கே ஆபத்து.

குளிர் செய்யும் குறும்பு

குரூமருக்கே உரிய கோளாறு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் காற்றுப் போக்கிக் குழாயைச் சொல்வேன். பணிமனையில் பிரீதர் என்பார்கள்.

எந்த எஞ்சினிலும் எரிந்த வாயுவில் சிறு பகுதி ரிங்குகளைத் தாண்டிக் கீழே, கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அந்த வாயுவை வெளியேற்றவே பிரீதர். வாயுவோடு நீராவியும் வருகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உருவாகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும் உண்மை. அதில் மிகச் சிறு பங்குதான் கீழே இறங்குகிறது என்றாலும், மைனஸ் 20 பாகைக் குளிரில் நீண்டிருக்கும் பிரீதர் குழாயின் வாயில் அது சொட்டுச் சொட்டாக உறைந்து, இரவின் நடுவில் வாயை அடைத்துவிடும். வாயு போக வழியில்லை. கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறுகிறது. ஆயிலை எல்லா சீல்களின் வழியாகவும் வெளியே தள்ளுகிறது. புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வடியும் குழாயிலும் எதிரழுத்தம் கொடுக்கிறது. காலையில் வண்டி சூடான கொட்டகைக்குள் வந்து நிற்கும். பனிக்கட்டி உருகிவிடும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது பிரீதர் சுத்தமாகத் திறந்திருக்கும், எஞ்சின் மட்டும் ஆயிலில் குளித்திருக்கும். சாட்சி உருகி ஓடிய இந்தக் குற்றத்துக்கு, பழி வழக்கம்போல ரிங்கின் மேல் விழுகிறது.

இதைப் பிடிக்க வேண்டுமானால் அளவீட்டை வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டுபோக வேண்டும். கிராங்க் கேஸில் ஓர் அழுத்தமானியை இணைத்து, அதன் குழாயைக் கேபினுக்குள் இழுத்து, ஓட்டுநரை மணிக்கு ஒருமுறை எழுதச் சொல்லலாம். மாலையில் சாதாரணமாக இருந்து நள்ளிரவுக்குப் பிறகு ஏறினால் உறைதல். சுமை ஏறும்போதெல்லாம் ஏறி, இறங்கும்போதெல்லாம் இறங்கினால், ரிங்கையும் டர்போவையும் சந்தேகிக்கலாம். எப்போதும் உயர்ந்தே இருந்தால் பிரீதர் வடிகட்டி அடைத்திருக்கலாம். பிரீதரை உள்ளிழுக்கும் காற்றுக் குழாயுடன் இணைத்த எஞ்சின்களில் அந்த இணைப்பின் வெப்பக் காப்புறை கிழிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

காற்று வடிகட்டி அடுத்த குறும்பு. தூள் பனி பறக்கும் இரவுகளில் அது உள்ளிழுக்கும் காற்றோடு புகுந்து வடிகட்டியில் படிந்து, லேசாக உருகி, மறுபடி உறைந்து, ஒரு பனித் தட்டாகிவிடும். டர்போவில் காற்றை அழுத்தும் சக்கரமான கம்ப்ரசர் காற்றுக்காகத் தவித்து இழுக்கும். டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்தை ஒட்டிய சுற்றுகளில் சுழல்வது. அதன் இரு முனைகளிலும் ரப்பர் சீல் கிடையாது, மெல்லிய உலோக வளையங்கள்தான். சக்கரப் பக்கம் அழுத்தம் அதிகம், பேரிங் பக்கம் குறைவு என்ற ஏற்பாட்டை நம்பித்தான் அவை ஆயிலைத் தடுக்கின்றன. வடிகட்டி அடைத்துக் கம்ப்ரசர் பக்கம் வெற்றிடமானால் ஏற்பாடு குலைந்து, ஆயில் காற்றோடு எஞ்சினுக்குள் உறிஞ்சப்படும். நீண்ட நேரம் வெறுமனே ஓடினால் எதிர்முனையில், வெளியேறும் புகைப் பக்கத்தில், இதே நிலை. அதனால் டர்போவில் ஆயில் தெரிந்தவுடன் டர்போவை மாற்றுவது அவசரப் புத்தி. வடிகட்டி, திரும்பி வடியும் குழாய், கிராங்க் கேஸ் அழுத்தம் ஆகிய மூன்றையும் பார்க்காமல் மாற்றினால், புதிய டர்போவும் அடுத்த வாரமே ஒழுகும்.

டர்போவின் மேலேயே சந்தேகம் என்றால், அது தள்ளும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றிப் பார்க்கலாம். உள்ளே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. தேங்கிக் கிடந்தால் இயல்பல்ல. தண்டைக் கையால் பக்கவாட்டில் அசைத்தால் சிறிது ஆடும். மிதக்கும் பேரிங்கில் அது இருக்க வேண்டியதுதான். முன்னும் பின்னும் இழுக்கும்போது கையில் தெரியும்படி நகர்ந்தால், அல்லது சக்கரத்தின் இதழ்கள் உறையில் உரசிய தடம் இருந்தால், பேரிங் போய்விட்டது.

புகையின் சாட்சியம், இப்போது பாதி அழிந்துவிட்டது

பழைய மெக்கானிக்குகள் புகையைப் பார்த்தே பேசுவார்கள். ஆயில் எரிந்தால் புகை நீலம். குளிரில் கிளப்பியதும் நீலப்புகை வந்து கொஞ்ச நேரத்தில் நின்றால் வால்வு சீல். சுமையில் தொடர்ந்து நீலம் என்றால் ரிங் அல்லது டர்போ. நெடுநேரம் வெறுமனே ஓடிய பிறகு மிதித்தால் ஒரு நீல மேகம் என்றால் டர்போவின் புகைப்பக்க வளையம். இந்த இலக்கணம் இன்றும் பழைய எஞ்சின்களில் செல்லும். ஒரு திருத்தம் மட்டும் தேவை: டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல உள்ளிழுக்கும் குழாயில் பலமான வெற்றிடம் உருவாவதில்லை. ஆகவே வால்வு சீலால் மட்டும் இரவுக்கு லிட்டர் கணக்கில் போவது அரிது.

ஐரோப்பாவில் 130 முதல் 560 கிலோவாட் வரையிலான எஞ்சின்களுக்கு 2019-இல் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் கட்ட மாசு விதிகளுக்குப் பின், துகள் வடிகட்டியும் அதற்கு முன்னால் ஒரு வினையூக்கியும் புதிய குரூமர்களில் இடம்பிடித்துவிட்டன. எரியாத ஆயிலை அவை பிடித்து எரித்துவிடும். புகைபோக்கியில் எதுவும் தெரியாது. இரவுக்கு இரண்டு லிட்டர் ஆயில் எரிந்தாலும் வெளியே வருவது கண்ணுக்குத் தெரியாத சூடான காற்றுதான்.

ஆனால் ஆயிலின் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கும். துகள் வடிகட்டிக்கு உரிய ஆயிலில் சாம்பல் அளவு சுமார் ஒரு சதவீதம். நூறு இரவுகள், இரவுக்கு இரண்டு லிட்டர் என்றால் 200 லிட்டர். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சாம்பல். வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லும் எச்சரிக்கை வழக்கத்தைவிட முன்னதாக வருவதும், கரி எரிப்பு அடிக்கடி நடப்பதும்தான் புதிய வண்டிகளின் 'நீலப்புகை'. வடிகட்டியைக் குறை சொல்வதற்கு முன் ஆயில் கணக்குத் தாளைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஆயிலின் தரமும் இதில் சேரும். சூட்டில் எளிதில் ஆவியாகும் ஆயில் எந்தப் பழுதும் இல்லாமலே குறையும். 250 பாகையில் ஒரு மணிநேரம் சூடாக்கி எவ்வளவு ஆவியாகிறது என்று பார்க்கும் நோவாக் சோதனையின் எண்ணை ஆயிலின் தொழில்நுட்பத் தாளில் காணலாம். கனரக டீசல் ஆயிலுக்கான ஐரோப்பிய வரையறைகள் அதை 13 சதவீதத்துக்குள் நிறுத்துகின்றன.

கடைசியாக ரிங்

இவ்வளவும் கடந்து வந்த பிறகுதான் எஞ்சினுக்குள் பார்க்க வேண்டும். புகைக் கிளைக்குழாயைக் கழற்றினால் ஆறு வாய்களில் எது ஈரமாக இருக்கிறது என்று தெரியும். ஒன்று மட்டும் ஈரமென்றால் அந்த சிலிண்டரின் பிரச்சினை. ஆறும் ஈரமென்றால் டர்போவின் கம்ப்ரசர் பக்கம், பிரீதர், அல்லது பொதுவான தேய்மானம். இன்ஜெக்டர் துளை வழியே போரோஸ்கோப் என்னும் மெல்லிய உள்நோக்குக் கருவியை இறக்கினால் பிஸ்டனின் தலை தெரியும். விளிம்பில் கரி கழுவப்பட்டுப் பளிச்சென்று இருந்தால் அங்கே ஆயில் ஏறுகிறது. சிலிண்டரின் உட்குழாயான லைனரின் சுவரில், ஆயில் தங்குவதற்காகக் கீறிய குறுக்கும் நெடுக்குமான ஹோனிங் கோடுகள் மறைந்து கண்ணாடிபோல மின்னினால், ஆயிலைப் பிடித்து வைக்கும் தன்மையைச் சுவர் இழந்துவிட்டது.

சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை நன்றாக வந்ததைக் காட்டி ரிங்குகளை விடுதலை செய்துவிடுவது பணிமனைகளில் வழக்கமான தவறு. அந்தச் சோதனை அளப்பது மேல் ரிங்குகளை. ஆயிலைச் சுரண்டிக் கீழே அனுப்புவது அடியில் இருக்கும் ஆயில் ரிங். அதன் துளைகள் கரியால் அடைத்துப்போனாலும் கம்ப்ரஷன் முழுசாகவே காட்டும். அப்படி அடைவதற்குக் குரூமரின் வாழ்க்கை நன்றாகவே உதவுகிறது. குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கி, எஞ்சின் ஒருபோதும் தன் இயல்பான சூட்டை எட்டாமல் ஓடினால், டீசல் முழுதாக எரியாமல் சுவரைக் கழுவும், கரி படியும், ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பருவம் முழுக்க நீர் வெப்பமானி 60-ஐத் தாண்டவில்லை என்று ஓட்டுநர் பெருமையாகச் சொன்னால், அது பெருமைப்பட வேண்டிய செய்தி அல்ல. நல்ல பிஸ்டன் ஒன்றை அந்தக் குளிர்ச்சியே கெடுத்துக்கொண்டிருக்கலாம்.

தூசி இந்தப் பட்டியலில் பின்னால் இருப்பது குரூமரின் அதிர்ஷ்டம். மண் வாரும் இயந்திரத்தில் ரிங் தேய்மானத்துக்கு முதல் குற்றவாளி அதுதான். பனியில் தூசி குறைவு. ஆனால் கோடையில் அதே வண்டியைப் பொருள் ஏற்றவோ புல் வெட்டவோ பயன்படுத்தும் தளங்களும் உண்டு. ஆயில் அறிக்கையில் சிலிக்கான் ஏறியிருந்தால் காற்றுக் குழாயின் கவ்விகளைப் பார்க்க வேண்டும்.

ரிங்தான் என்று உறுதியான பிறகும் உடனே எஞ்சினை இறக்கியாக வேண்டும் என்பதில்லை. பத்து இரவுத் தாளில் 0.6 சதவீதம் என்று நிலையாக நிற்கும் எஞ்சினை, மட்டத்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டு, பருவம் முடியும் வரை ஓட்டலாம். 0.6-லிருந்து ஒரே மாதத்தில் 1.2-க்கு ஏறிய எஞ்சினை ஓட்டக் கூடாது. தற்போதைய அளவைவிட அது ஏறும் வேகமே முடிவைச் சொல்கிறது. அந்த வேகத்தை அறிய தேதியிட்ட எண்கள் வேண்டும்.

கோடையில் எஞ்சினைப் பிரித்து, புது லைனரும் ரிங்கும் போட்டு, அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் வண்டியை மலையில் ஏற்றும்போது இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. புது ரிங்குகள் லைனரோடு பொருந்தி உட்கார நல்ல சுமை வேண்டும். முதல் சில பத்து மணிநேரங்களில் அவற்றின் எதிர்காலமே முடிவாகிவிடும். ஆனால் பருவத் தொடக்கத்தில் பனி மெலிதாக இருக்கும். ஓட்டுநர் புது எஞ்சினாயிற்றே என்று பரிவோடு, மெதுவாக, பாதிச் சுமையில், நெடுநேரம் வெறுமனே ஓடவிட்டபடி வேலை செய்வார். சுவர் அப்போதே கண்ணாடிபோலப் பளபளத்துவிடும். கோடையில் புதுப்பித்த எஞ்சின் ஜனவரிக்குள் பழையதைவிட அதிகமாகக் குடிக்கும். பனி போதாத நாட்களில் கூட, எஞ்சின் நன்கு சூடேறியபின், ஒரு நீண்ட ஏற்றத்தில் டில்லரை இறக்கி முழுச் சுமையில் சில முறை ஏற்றி இறக்குவதும், ஓய்வு நேரத்தில் எஞ்சினை நிறுத்திவிடுவதும், முதல் இரவிலிருந்தே புதிய தாள் ஒன்றில் கணக்கெழுதத் தொடங்குவதும் அந்த லைனர்களைக் காப்பாற்றும்.